தார் போட வந்த இடத்தில் மக்காச்சோளம்

1. பேவர் வந்த காலை

தை மாதம், பொங்கல் கழிந்த மறு வாரம். ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து திருக்கோவிலூர் போகும் வழியில் பிரியும் ஒரு மாவட்டச் சாலையில் புதிதாகத் தார் போடுவதற்காகக் காலையிலேயே போய் இறங்கினேன். தார்க் கலவையைப் பரப்பும் பேவர் மிஷின் டிரெய்லரிலிருந்து இறக்கி ஓரமாக நிறுத்தப்பட்டிருந்தது. ரோலர்கள் வந்துவிட்டன. தண்ணீர் லாரி வந்துவிட்டது. எல்லாம் வந்துவிட்டது, ரோடு மட்டும் கண்ணில் படவில்லை.

ரோடு அங்கேதான் இருந்தது. அதன் மேல் மக்காச்சோளம் இருந்தது. ஊர் முனையில் ஆரம்பித்து ஏரிக்கரை வளைவையும் தாண்டி, பார்வை போகிற மட்டும் மஞ்சளாகப் பரப்பிக் கிடந்தது. வண்டிகள் ஏறிவிடாமலிருக்க ஓரங்களில் கருங்கல், வேலிக்காத்தான் முள், உடைந்த பிளாஸ்டிக் குடம். ஓரிடத்தில் ஒரு கயிற்றுக் கட்டிலையே குறுக்கே போட்டிருந்தார்கள். அதில் ஒருவர் படுத்துத் தூங்கிக்கொண்டும் இருந்தார்.

அப்போது நான் உதவிப் பொறியாளர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக வேலையில் சேர்ந்த பெண்களும் பையன்களும் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள்: "சைட்ல உங்களுக்கு ரொம்பத் தலைவலி குடுத்தது யாரு மேடம், கான்ட்ராக்டரா, கட்சிக்காரங்களா?" நான் மக்காச்சோளம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கும் ஒரு நாள் வரும். வருவதற்கு முன் படித்துக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஊரின் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் இன்னும் எனக்குப் போன் செய்கிறார்கள், எதற்கும் உதவாத காரணங்களுக்காக.

2. நாற்று நட்ட கைகள்

அந்த ரோட்டுக்காக அந்த ஊர் செய்யாத போராட்டம் கிடையாது. முந்தின வருடம் ஐப்பசி மழையில் பள்ளமெல்லாம் நிரம்பியபோது நாற்றுக்கட்டைக் கொண்டுவந்து நடு ரோட்டில் நட்டார்கள். பத்திரிகையில் படம் வந்தது. படத்தின் நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து நட்டவர் ஏழுமலை. நிலபுலன் உள்ளவர். டிராக்டரும் கதிரடிக்கும் மிஷினும் சொந்தமாக வைத்திருந்தார். அந்தப் படத்தைக் காட்டி மேலிடத்தில் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். எழுதி, அலைந்து, அடுத்த வருடத் திட்டத்தில் அந்தச் சாலையைச் சேர்க்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்படி வாங்கிய ரோட்டின் மேல்தான் அன்று மக்காச்சோளம். அதில் பெரிய பரப்பு, ஊர் முனையிலேயே மேடான நல்ல இடத்தில் கிடந்தது, அதே ஏழுமலையுடையது.

முந்தின வாரம் முழுக்க அறிவிப்பு செய்திருந்தோம். ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னோம். ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினோம். என்னுடன் இருந்த சாலை ஆய்வாளர் தேவராஜ் வீடு வீடாகவும் போய்ச் சொல்லியிருந்தார். நல்ல மனிதர். ஆனால் எதைக் கேட்டாலும் "பேசிட்டேன் மேடம்" என்பார். அன்றும் கேட்டேன்.

"தேவராஜ், இவங்ககிட்டப் பேசினீங்களா?"

"பேசிட்டேன் மேடம். எல்லாரும் சரின்னுட்டாங்க."

"எதுக்குச் சரின்னாங்க?"

"ரோடு போடறதுக்கு."

"சோளத்தை எடுக்கறதுக்கு?"

தேவராஜ் சோளத்தைப் பார்த்தார். "அத்த நான் தனியா கேக்கலீங்க மேடம்," என்றார்.

கட்டிலில் தூங்கியவரை எழுப்பி ஏழுமலையை அழைத்துவரச் சொன்னேன். வாயில் பல்குச்சியோடு வந்தார்.

"வாங்க மேடம். ஒரு வழியா மிஷினு கொண்டாந்துட்டீங்க. போடுங்க போடுங்க."

"எங்க போடறது? உங்க சோளத்து மேலயா?"

"அது காஞ்சிக்கினு இருக்குது. அது பாட்டுக்கு கெடக்கும். நீங்க அந்தாண்ட இருந்து ஆரம்பிச்சிக்கினு வாங்க. இங்க வர்றதுக்குள்ள காஞ்சிடும்."

அந்தாண்டையும் சோளம்தான் என்றேன். அது மத்தவங்களுது, அவங்களைக் கேளுங்க என்றார்.

ஒப்பந்தக்காரரின் சைட் மேனேஜர் சேகர் பக்கத்தில் வந்து நின்றார். ஒல்லியான, எப்போதும் போனைக் காதிலிருந்து எடுக்காத இளைஞர். "மேடம், பிளான்ட்ல மொத லோடு ஏத்திக்கினு இருக்காங்க. நிறுத்தச் சொல்லட்டுமா, வரச் சொல்லட்டுமா? இந்த வாரம் உட்டா பிளான்டு வேற வேலைக்குப் போயிடும். அப்புறம் எப்ப வரும்னு எனக்கே தெரியாது."

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தார்க் கலவையைக் கடையில் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. பிளான்டில் கொதிக்கக் கொதிக்கக் கலந்து, டிப்பரில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடி, சூடு போவதற்குள் கொண்டுவந்து கொட்டிப் பரப்பி ரோலர் ஓட்டிவிட வேண்டும். ஆறினால் அது கல். அதனால்தான் லோடு கிளம்பிவிட்டது என்று சேகர் சொன்னால் நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன்.

நிறுத்தச் சொன்னேன். அன்றைய வேலை தொடங்கும் முன்பே முடிந்தது.

3. நாலு வெயில்

ஊர்க்காரர்களை ஏரிக்கரைப் புளியமரத்தடிக்கு வரச் சொன்னேன். வந்தார்கள். ஆளாளுக்குப் பேசினார்கள். போலீசை அழைக்கலாம் என்று சேகர் காதோடு சொன்னார். வெயில் ஏற ஏற எனக்கும் அந்த யோசனை நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அப்போதுதான் பச்சையம்மாள் எழுந்தார். நாற்பது வயதிருக்கும். சொந்த நிலம் இல்லை, குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவர். கணவர் பெங்களூரில் கட்டட வேலை. நிலத்தை இவரும் மருமகளும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையில் சும்மாட்டுத் துணி, கை முழுக்கச் சோளத் தூசு.

"ரோடு கேட்டது நாங்கதாங்க மேடம். இப்பவும் வேணான்னு சொல்லல. எனக்கு நாலு வெயிலு குடுங்க, வாரிக்கினு போயிடறேன்."

"நாலு நாளெல்லாம் முடியாதும்மா. மிஷின் போயிடும்."

"அப்ப நான் இத்த எங்க கொண்டு போயி காய வெக்கிறது? வூட்டு முன்னாடி என் முந்தானி விரிக்கத்தான் எடம் கீது. வயலு ஈரம். வியாபாரி வர்றான், ஒரு டப்பாவுல சோளத்தப் போட்டு நம்பரு பாக்கறான், ஈரம் ஜாஸ்தின்னு சொல்லிட்டுப் பூடறான். ரெண்டு நாளு மூட்டையில கட்டி வெச்சா பூசணம் பூத்துடும். பூத்தா மாட்டுக்குக்கூட ஆவாது."

"இத்தனை நாள் என்ன பண்ணீங்க? மத்தவங்களுது பாதி காஞ்சிடுச்சே."

அவர் ஏழுமலையைத் திரும்பிப் பார்த்தார். பார்த்த விதத்திலேயே பதில் இருந்தது. இருந்தும் சொன்னார்: "மிஷினு அவுருது. மொதல்ல அவுரு வூட்டுது அடிப்பாரு, அப்புறம் பங்காளிங்க வூட்டுது. எனக்கு மிஷினு வந்தது நேத்திக்கி."

ஏழுமலை ஏரியைப் பார்த்தார்.

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. கடைசியில் ரோட்டைப் பாதியாகப் பிரிப்பதென்று முடிவு செய்தேன். இடப்பக்கப் பாதியை இன்றைக்குள் காலி செய்யுங்கள், நாளைக்கு அதில் போடுகிறோம், சோளமெல்லாம் வலப்பக்கம் இருக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். பஸ்ஸையும் வண்டிகளையும் ஏரிக்கரை மேல் போகும் மண்பாதை வழியாகத் திருப்பிவிடலாம். பச்சையம்மாள்தான் முதலில் தலையாட்டினார். மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். ஏழுமலை மட்டும் "நம்ம ரோட்டுல நாம காய வெக்கிறதுக்குப் பங்கு பிரிக்கறாங்க," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே போனார்.

சாயங்காலத்துக்குள் சோளம் வலப்பக்கம் போனது. நல்ல இடத்தை யார் பிடிப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பச்சையம்மாளுக்கு மிஞ்சியது ஏரிக்கரை வளைவு.

4. பாதி ரோடு

மறுநாள் வேலை தொடங்கியது. தொடங்கியது என்று எழுதுவது சுலபம்.

தார் போடுவதற்கு முன் பழைய ரோட்டை மண் தூசு இல்லாமல் சுத்தம் செய்ய வேண்டும். அதற்குக் கம்ப்ரஸர் வைத்துக் காற்றடிப்போம். காற்றடித்தால் தூசு எழும்பும். எழும்பிய தூசு எங்கே போகும்? வலப்பக்கச் சோளத்தில் போய் உட்கார்ந்தது. உடனே பத்துப் பேர் கம்ப்ரஸரைச் சுற்றிக்கொண்டார்கள். காற்றை அந்தப் பக்கமாக அடி என்றார்கள். காற்று வீசுகிற திசை என் கையில் இல்லை என்றேன். அப்படியென்றால் பெருக்குங்கள் என்றார்கள். சாலைப் பணியாளர்களை வைத்துத் துடைப்பத்தால் பெருக்கினோம். இயந்திரம் சும்மா நிற்க, ஆட்கள் குனிந்து பெருக்கினார்கள்.

பிறகு டாக் கோட் தெளித்தோம். புதுக் கலவை பழைய ரோட்டில் ஒட்டிப் பிடிக்கத் தெளிக்கிற பசை அது. தெளித்ததும் பழுப்பாக இருக்கும், கறுத்த பிறகுதான் கலவையைக் கொட்டலாம். அது கறுப்பதற்குள் ஒரு ஆட்டு மந்தை குறுக்கே நடந்தது. அதை ஓட்டி முடிப்பதற்குள் ஒருவர் பைக்கில் தடுப்பை நகர்த்திவிட்டு உள்ளே வந்து, முழு நீளமும் ஓட்டிப் பார்த்துவிட்டு, பேண்ட்டெல்லாம் தார் தெறித்துவிட்டது என்று என்னிடமே சண்டைக்கு வந்தார்.

"தடுப்பு வெச்சிருந்தோமே, ஏன் உள்ள வந்தீங்க?"

"தடுப்பு வெச்சா உள்ள இன்னா நடக்குதுன்னு பாக்க வேணாமா?"

இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பொறியியல் கல்லூரியில் பதில் சொல்லித் தருவதில்லை.

முதல் லோடு வந்தது. தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தேன், சூடு நன்றாக இருந்தது. பேவர் ஊர்ந்தது. பின்னாலேயே ரோலர். பளபளவென்று கறுப்பாகப் பாதி ரோடு நீண்டுகொண்டே போனதைப் பார்த்தபோது, காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் கொஞ்சம் மறந்தது. ஊர் முனையில் ஆரம்பித்து, மதியச் சாப்பாட்டுக்குள் ஏரிக்கரை வளைவைத் தாண்டிவிட்டோம். சாப்பிடக்கூட நிறுத்தவில்லை. அடுத்த இரண்டு டிப்பர்கள் வந்து வளைவுக்கு அப்பால் வரிசையில் நின்றன.

அப்போது தேவராஜ் என் பக்கத்தில் வந்து மேற்கே கையைக் காட்டினார். கல்வராயன் மலைப் பக்கம் வானம் கறுத்திருந்தது.

"தை மாசத்துல மழையா?" என்றேன்.

"மேகந்தாங்க மேடம். கலைஞ்சிடும்," என்றார்.

கலையவில்லை.

5. மழை

முதல் தூறல் விழுந்ததுமே பேவரை நிறுத்தச் சொன்னேன். மழையில் தார் போடக் கூடாது. ஈரத்தின் மேல் போட்டால் ஒட்டாது. ஒட்டாத தார் அடுத்த மழைக்கே அப்பளம் போலப் பெயர்ந்துவரும். இது எல்லோருக்கும் தெரியும், சேகருக்கும் தெரியும்.

"அரை மணி நேரத்துல உட்டுடும் மேடம். லோடு மூடித்தான் கீது, சூடு போவாது. மழ நின்ன உடனே தண்ணிய தள்ளிட்டுப் போட்டுக்கலாம்."

"ரோடு காயாமப் போடக் கூடாது சேகர்."

"வெளியில தெரியாதுங்க மேடம். மேல பாத்தா எல்லாம் ஒண்ணுதான்."

பதில் சொல்வதற்குள் தூறல் கனத்த மழையாகிவிட்டது. கோடையில் கொட்டுகிற மாதிரி ஒரு மழை, அந்த மாதத்தில் யாரும் எதிர்பார்க்காதது. எங்கள் ஆட்கள் பேவருக்கடியிலும் லாரிக்கடியிலும் ஒதுங்கினார்கள். ஊர்க்காரர்கள் ரோட்டுக்கு ஓடிவந்தார்கள்.

ஏழுமலையிடம் பெரிய தார்ப்பாய்கள் இருந்தன, ஆட்களும் இருந்தார்கள். பலகையால் தள்ளிக் குவித்து மூடிவிட்டார்கள். மற்றவர்களும் ஏதேதோ கொண்டுவந்து போர்த்தினார்கள். நான் ஜீப்புக்குப் போகத் திரும்பியவள் வளைவைப் பார்த்தேன். பச்சையம்மாளும் மருமகளும் கையால் வாரிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமிருந்தது உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்த ஒரு படுதாவும் இரண்டு புடவைகளும். இரண்டு நாள் முன்புதான் அடித்த சோளம், வெளிறிப்போய், இன்னும் பச்சையாகவே இருந்தது.

வளைவில் ரோட்டை நாங்கள் ஒரு பக்கமாகச் சாய்த்து அமைப்போம். வேகமாக வருகிற வண்டி வெளியே தூக்கி எறியப்படாமலிருக்க அது வேண்டும். அந்த வளைவில் இடப்பக்கம் உயரம், வலப்பக்கம் தாழ்வு. புதிதாகப் போட்ட வழுவழுப்பான இடப்பாதியில் விழுந்த தண்ணீர் ஒரு சொட்டுகூட உறிஞ்சப்படாமல் அப்படியே வழிந்து வலப்பாதிக்கு இறங்கியது. சாய்வு வரைபடத்தில் உள்ளபடி மிகச் சரியாக இருந்தது. அதற்குக் கீழ்ப்பக்கத்தில் பச்சையம்மாளின் சோளம்.

தண்ணீர் சோளத்தை ஓரத்திலிருந்து அரித்துப் பள்ளத்துக்கு இழுக்கத் தொடங்கியது. அந்த மருமகள் பள்ளத்துப் பக்கம் ரோட்டில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி அணை போல வைத்துக்கொண்டாள். கால்களைச் சுற்றிக்கொண்டு சோளம் போனது.

என் போன் அடித்தது. என் மேலதிகாரி, உதவிக் கோட்டப் பொறியாளர். சேகர் அதற்குள் அவரிடம் பேசியிருக்க வேண்டும்.

"என்னம்மா, மழையா? எத்தனை லோடு நிக்குது?"

"ரெண்டு சார்."

"பாத்துப் போட்டு முடிச்சிடும்மா. பிளான்ட் மறுபடி எப்ப கெடைக்கும்னு சொல்ல முடியாது. மழை நின்னதும் போட்டுடு."

"ரோடு நனைஞ்சிடுச்சு சார். டாக் கோட்டே கழுவிட்டுப் போயிடுச்சு. போட முடியாது."

"நீ சைட்ல இருக்கற, உனக்குத் தெரியும். நான் சொல்றதச் சொல்லிட்டேன்," என்று வைத்துவிட்டார். போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. நாளைக்கு எது தப்பானாலும் பழி எனக்குத்தான் என்று அர்த்தம். எரிச்சலில் எனக்கு அழுகையே வந்தது. மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

போனை வைத்துவிட்டுத் தேவராஜைக் கூப்பிட்டேன். "அந்த ரெண்டு லோடும் ரிஜெக்ட். டிப்பர்ல இருக்கற தார்ப்பாயைக் கழட்டச் சொல்லுங்க. கழட்டி அங்க கொண்டு போங்க," என்று வளைவைக் காட்டினேன்.

தேவராஜுக்குப் புரிந்தது, ஆனால் நகரவில்லை. சேகர் ஓடிவந்தார்.

"மேடம், அத்த எடுத்தா மிக்ஸ் செத்துடும்."

"செத்தாச்சு சேகர். இனிமே அதை எந்த ரோட்லயும் போடக் கூடாது. மூடி வெச்சு என்ன பண்றது?"

"எங்க மொதலாளி என்ன சும்மா உட மாட்டாரு."

"நான் சொன்னேன்னு சொல்லுங்க. அதைத்தானே எப்படியும் சொல்லப் போறீங்க."

முன்னால் நின்ற டிப்பரின் டிரைவர் அதுவரை ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், இறங்கி வந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. தார்ப்பாய் விலகியதும் மழை கலவையின் மேல் விழுந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. வண்டியே புகைகிற மாதிரி இருந்தது. தார்ப்பாய் கை வைக்க முடியாத சூடு. மழையிலேயே இழுத்துக்கொண்டு ஓடினார்கள். சாலைப் பணியாளர்கள், பேவர் ஓட்டுகிறவர், ரோலர் ஓட்டுகிறவர், கடைசியில் போனைப் பையில் போட்டுவிட்டுச் சேகரும். மண்வெட்டியால் ஓரத்தில் மண் அணை கட்டினார்கள். சோளத்தை நடுவில் குவித்து, தார் படாத பக்கம் கீழே வருமாறு தார்ப்பாயைப் போர்த்தி, கருங்கல்லைத் தூக்கி வைத்தார்கள். ஓரத்தில் இருந்தது கொஞ்சம் பள்ளத்தோடு போய்விட்டது. குவியல் நின்றது.

பச்சையம்மாள் குவியலின் மேல் படுத்து, காற்றுக்குத் தார்ப்பாய் தூக்காமல் அழுத்திக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் ஏழுமலை குடை பிடித்துக்கொண்டு வந்தார். "மேடம், இன்னொரு லாரி நிக்குது இல்ல, அதுல இருக்கற தார்ப்பாய எனக்குக் குடுங்க. என்னுது ஒரு பக்கம் ஒழுவுது."

அது ஏற்கெனவே பக்கத்தில் இன்னொருவர் சோளத்துக்குப் போய்விட்டது என்றேன்.

"ஆளுக்கு ஏத்த மாதிரி குடுக்கறீங்க," என்றார்.

நான் போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டேன்.

6. புது ரோட்டுச் சூடு

மறுநாள் மேலதிகாரி நேரில் வந்தார். பாதி போட்ட ரோட்டைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மிக்ஸை மூடறதுக்குத்தான் தார்ப்பாய், சோளத்தை மூடறதுக்கா?"

"மிக்ஸை ரிஜெக்ட் பண்ணது மழைக்காக சார். ரிஜெக்ட் பண்ணத மூடி வெச்சு என்ன செய்யறது?"

அவர் தார்ப்பாயின் ஓரத்தைக் காலால் தள்ளினார். "கான்ட்ராக்டர் உன் மேல புகார் எழுதிக் குடுத்திருக்கான். நீயும் விளக்கம் எழுதிக் குடு. மழைன்னு மட்டும் எழுது. சோளத்தை எழுதாத," என்றார். அவரும் மோசமானவர் இல்லை. அவருக்கு மேலேயும் ஒருவர் இருந்தார், அவ்வளவுதான்.

பிளான்ட் சேகர் சொன்னபடியே வேறு வேலைக்குப் போய்விட்டது. ஒரு பக்கம் உயரமாகவும் ஒரு பக்கம் தாழ்வாகவும் பாதி ரோடு நின்றது. நடுவில் படிக்கட்டு போல ஒரு விளிம்பு. அதில் சக்கரம் வழுக்கிப் பால்காரர் ஒருவர் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். மணல் மூட்டை வைத்தோம். யாரோ வீட்டு வாசலுக்கு அவற்றை எடுத்துக்கொண்டு போனார்கள். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள் என்று ஏழுமலை மேலே வரைக்கும் போன் செய்தார். அதில் பாதி உண்மை என்பதால் என்னால் மறுக்கவும் முடியவில்லை.

மழைக்குப் பிறகு நன்றாக வெயில் அடித்தது. விளிம்பைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். போய் இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். நாங்கள் போட்ட புது ரோட்டின் மேல், ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மக்காச்சோளம். வலப்பக்கம் ஒரு மணி கூட இல்லை. எல்லோரும் புதுப்பாதிக்கு மாற்றிவிட்டார்கள். பச்சையம்மாள் காலால் தள்ளித் தள்ளிச் சோளத்தைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது?" என்றேன்.

"புது ரோடு நல்லா சூடு வாங்குதுங்க மேடம். கறுப்பா கீது இல்ல. நாலு வெயிலு கேட்டேன், ரெண்டு வெயிலே போதும் போல கீது. நாளைக்கி வாரிடுவோம்."

"நனைஞ்சது என்ன ஆச்சு?"

"அடியில கொஞ்சம் பூத்துடுச்சு. அத்த பொறுக்கி எடுத்துட்டேன். மத்தது தேவலாம்." கொஞ்சம் நிறுத்தி, "உங்க லாரி தார்ப்பாயி தார் வாசன அடிக்குதுங்க. சோளமும் அதே வாசன அடிக்குது. வியாபாரி மோந்து பாத்தான்னா கம்மி பண்ணுவான்," என்றார்.

நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேனா என்று கேட்டால், ஆமாம், கொஞ்சம் எதிர்பார்த்தேன். அதை எனக்குள் திட்டிக்கொண்டே ஜீப்பில் ஏறினேன். பாதி வழி வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. வலப்பாதி காலி. நாளை மறுநாள் இடப்பாதியும் காலி. மைக்கும் சுவரொட்டியும் செய்யாததை வெயில் செய்திருந்தது.

சேகரிடம் பேசி, கெஞ்சி, சண்டை போட்டு, அடுத்த வாரம் பிளான்டிலிருந்து லோடு வாங்கி மீதியையும் போட்டு முடித்தோம். அன்று ரோட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லை. எல்லோரும் சோளத்தை விற்கப் போயிருந்தார்கள்.

7. தேதி

அதிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டேன். தார் போடும் வேலைக்குத் திட்டம் போடும்போது நாம் நிதியாண்டு பார்ப்போம், பிளான்ட் பார்ப்போம், மழைக்காலம் பார்ப்போம். அந்த ஊரில் அறுப்பு எப்போது என்று மட்டும் பார்க்க மாட்டோம். நாம் வரைபடத்தில் கோடாகப் பார்க்கும் இடம் அவர்களுக்குக் களம். சட்டப்படி அது தவறுதான், ஆபத்தும்கூட. ஆனால் வேறு களம் கட்டித் தராதவரை, தவறு என்று மைக்கில் சொல்வதால் ஒரு மூட்டைச் சோளமும் நகரப் போவதில்லை. அதற்குப் பிறகு எந்த ஊருக்கு ரோடு போடப் போனாலும், முதலில் அறுப்பு எப்போது என்று கேட்டுவிட்டுத்தான் நாள் குறிப்பேன். பெரும்பாலும் பலித்தது. சக பொறியாளர்கள் என்னை "அறுப்பு மேடம்" என்று கேலி செய்ததும் உண்டு.

இந்த அறிவோடுதான் சில வருடம் கழித்துக் கல்வராயன் மலைக்கு மாற்றலாகிப் போனேன். மலையில் ஒரு கிராமத்துக்குப் போகும் சாலையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பெயர்ந்து, அரித்து, மழைக்காலத்தில் ஆம்புலன்ஸ் ஏறாமல் பாதியில் நிற்கும் சாலை. அந்த ஊர் வார்டு உறுப்பினர் பொன்னி என்கிற இளம்பெண். இடுப்பில் குழந்தையோடு ரோட்டோரத்தில் எனக்காகக் காத்திருந்தார். நான் ஜீப்பிலிருந்து இறங்கியதும், மற்ற அதிகாரிகள் கேட்காத கேள்வியைக் கேட்கப்போகிறோம் என்ற பெருமிதத்தோடு கேட்டேன்.

"உங்க ஊர்ல சாமை அறுப்பு எப்பம்மா? அதுக்குத் தகுந்த மாதிரி வேலை வெச்சுக்கலாம்."

பொன்னி புரியாமல் நெற்றியைச் சுருக்கினார்.

"அறுப்பு எப்ப இருந்தா இன்னாங்க மேடம்? சாமைய நாங்க பாறையில காய வெச்சிக்குவோம். ரோட்டுல ஒண்ணும் போட மாட்டோம். நீங்க மழைக்கி முன்னாடி வருவீங்களா, பின்னாடி வருவீங்களா? அத்த சொல்லுங்க. இங்க ரெண்டு பேரு புள்ளத்தாச்சியா இருக்காங்க. அவுங்கள இப்பவே கீழ அனுப்பி வெக்கணுமா, வேணாமான்னு நான் முடிவு பண்ணணும்."

டெண்டர் முடிந்திருக்கவில்லை, வனத்துறை அனுமதி வந்திருக்கவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். பொன்னி சரிங்க என்று தலையாட்டிவிட்டு, குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஊருக்குள் போனார். அன்று மாலையே அந்த இரண்டு பெண்களும் கீழே உறவினர் வீட்டுக்கு ஜீப்பில் இறங்கிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர் சரியாகத்தான் முடிவு செய்திருந்தார். அந்த ரோட்டை நாங்கள் போட்டது மழைக்குப் பின்னால்தான்.

ஊரைக் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள் என்று சின்னவர்களுக்கு இப்போதும் சொல்கிறேன். கூடவே இன்னொன்றும் சொல்கிறேன். கேட்கப் போகும்போது, அவர்கள் திருப்பிக் கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் ஒரு தேதி இருக்கட்டும்.